செடியைக் கொல்லும் கரிசனை
புதிதாக வீட்டுத்தோட்டம் செய்வோர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

ஒரு செடி பட்டுப்போனால் அதற்குக் காரணம் கவனக்குறைவே என்று நாம் எண்ணிவிடுகிறோம். நீர் ஊற்ற மறந்தோம், பசளை போடாமல் விட்டோம், பூச்சியைக் காணாதிருந்தோம் என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். ஆனால் புதிதாகத் தோட்டந் தொடங்கியவர்களின் வளவுகளைச் சற்று நின்று நோக்குவோருக்கு வேறோர் உண்மை புலப்படும். அங்கே மடிந்துகிடக்கும் செடிகளுட் பல பட்டினியால் மடிந்தவையல்ல. உபசாரம் மிகுந்து மடிந்தவை. கலியாணப் பந்தியிலே ‘போதும், போதும்’ என்று கைமறிக்கும் விருந்தாளியின் இலையில் மேலும் மேலும் சோற்றைக் கொட்டுவது போன்றது புதுத் தோட்டக்காரரின் கரிசனை. விருந்தாளியாவது வாய்திறந்து மறுக்கலாம். செடிக்கு அந்த வசதி இல்லை.

இதனை இப்பொழுது எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் உணவுப் பொருள்களின் விலை தலைக்குமேல் ஏறியபோது, அதுவரை பொழுதுபோக்காக இருந்த வீட்டுத்தோட்டம் வயிற்றுப்பாட்டுக்குரிய விடயமாயிற்று. எரிபொருள் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவும், வீடுகளில் உணவுப் பயிர் செய்வதை ஊக்குவிக்கவும், அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை தீர்மானித்தது. மண்வெட்டி பிடித்தறியாத கைகளும் அன்று மண்வெட்டி பிடித்தன. அந்தப் பாத்திகளில் எத்தனை இன்றும் பச்சையாயிருக்கின்றன, எத்தனை புல் மூடிக்கிடக்கின்றன என்பதை அவரவர் வளவே சொல்லும். தொடங்கும் ஆர்வம் நம்மிடம் குறைவில்லை; தொடங்கியதை நிலைநிறுத்துவதற்கு எவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே நாம் அறிய வேண்டியது.

அகலக்கால் வைத்தல்

முதற் பிழை மண்ணிலே நிகழ்வதன்று, மனத்திலே நிகழ்வது. ஐப்பசி மழையின் முதல் ஈரத்தைக் கண்டவுடன் வளவு முழுவதையும் கொத்திப் புரட்டிப் பன்னிரண்டு வகை விதைகளையும் ஒரே நாளில் ஊன்றிவிடுவர். ஒரு மாதம் சென்றதும் பயிரோடு களையும் எழும். மழை விட்டதும் நாள்தோறும் நீர் கேட்கும். பிள்ளைகளின் பரீட்சையும் உத்தியோக வேலையும் அதே வேளையில் குறுக்கிடும். பின்னர் எல்லாமே கைவிடப்படும்.

முதலாண்டில் பத்தடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இரண்டு பாத்திகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். அகலம் நான்கடிக்கு மேற்படலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. இருபுறமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டவேண்டும். பாத்திக்குள்ளே கால் வைத்தால் மண் இறுகும். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றுமில்லை, வழியுமில்லை. பயிர்களிலும் நான்கைந்து வகை போதும். கீரை, வெண்டி, கத்தரி, மிளகாய், பயிற்றை என்பன நம் அடுக்களைக்கு அன்றாடம் வேண்டியவை. தொடக்கத்தில் வரும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்பவையும் அவற்றுட் பல.

நிழலை மறத்தல்

காய் கொடுக்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கீரை வகைகள் மூன்று நான்கு மணி நேர வெயிலோடும் ஒருவாறு வளரும். இதனை அறிந்தவர்கூடத் தவறும் இடம் ஒன்றுண்டு. தோட்டத்துக்கு இடந் தெரிவுசெய்யும் நாளில் வெயில் விழும் இடத்தைப் பார்ப்பார்களேயன்றி, பயிர் காய்க்கும் மாதத்தில் அங்கே வெயில் விழுமா என்று பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் சித்திரை முதல் வாரங்களிலும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே ஒதுங்கும். மார்கழி, தை மாதங்களிலோ நன்றாகத் தெற்கே சாய்ந்து செல்லும். ஆதலால் ஆவணியில் வெயில் காய்ந்த வடபுறத்து நிலம், மார்கழியில் வீட்டுச் சுவரின் நிழலிலோ மதிலோரத்து மரங்களின் நிழலிலோ அகப்பட்டுக்கொள்ளும். அங்கே நட்ட தக்காளி ஒளியைத் தேடி நெடுநெடுவென உயர்ந்து, மெலிந்து, பூவின்றி நிற்கும். அதற்குப் பசளை போதாது என்று மேலும் பசளையிடுவதால் பயனென்ன? குறை மண்ணில் இல்லை, வானத்தில் இருக்கிறது.

காலம் பாராமை

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற முதுமொழியை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆயின் நம் வடபகுதியில் ஆடி மாதம் சோளகக் காற்று வீசி மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் காலம். அப்போது விதைப்பவர் மழையை நம்பியன்றிக் கிணற்றை நம்பியே விதைக்கிறார் என்பதை உணர வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரிகாலத்திலேயே பொழிந்துவிடுகிறது. அக்கடும் மழைக்குள் மிளகாயையும் தக்காளியையும் நட்டால் பூ உதிரும். நீர் தேங்கி அடி அழுகும். மார்கழியில் நாற்றுமேடையிட்டு, மழை தணிந்த தையிலே நடும் வழக்கம் பட்டறிவால் வந்தது. மலைநாட்டிலும் தென்மேற்குப் பகுதியிலும் இரண்டு பருவக் காற்றுகளின் மழையும் கிடைப்பதால் அங்கே கணக்கு வேறு. அவ்வவ்விடத்தில் நெடுங்காலம் பயிர் செய்தவரைக் கேட்டு விதைப்பதே அறிவுடைமை. எங்கோ அச்சிட்ட விதைப்பையின் பின்புறத்தில் உள்ள மாதப் பெயர் நம் வளவின் மழையை அறியாது.

ஆழமும் நெருக்கமும்

விதை முளைக்கவில்லை என்றதும் விற்றவரைக் குறைகூறுவது வழக்கம். பல வேளைகளில் குற்றவாளி ஆழம். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே பொதுவிதி. பூசணி விதைக்கு ஓரங்குலம் தகும். கடுகினும் சிறிய கீரை விதையை ஓரங்குல ஆழத்தில் புதைத்தால், தன்னிடமுள்ள சிறிதளவு உணவைக்கொண்டு அது மேலேறி வர இயலாது. கீரை விதையை உலர்மணலோடு கலந்து தூவி, அதன்மேல் மெல்லிய படலமாக மண் தூவினாற் போதுமானது.

மிளகாய், கத்தரி, தக்காளி என்பவற்றை நாற்றாக வளர்த்துப் பெயர்த்து நடலாம். வெண்டி, பயிற்றை, முள்ளங்கி, கரட் என்பவற்றை அவ்வாறு பெயர்த்தல் நன்றன்று. அவற்றை நிலைக்கும் இடத்திலேயே விதைக்க வேண்டும். நாற்றை நண்பகலில் நடுவதும் ஒரு பொதுப் பிழை. மாலையில் நட்டால் இரவு முழுவதும் அது வேரூன்றி இளைப்பாறும்.

நெருக்கம் மற்றொரு பிழை. இரண்டங்குல உயரமுள்ள கத்தரி நாற்றைப் பார்க்கும்போது, அதனைச் சுற்றி மூன்றடிக்கு இரண்டடி நிலத்தை வெறுமனே விடுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் விடவேண்டும். மிளகாய்க்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி. நெருங்கி நின்றால் செடிகள் ஒளிக்கும் நீருக்கும் ஒன்றோடொன்று போரிடும். காற்றோட்டமின்றி இலைகளில் ஈரம் தங்கிப் பூஞ்சண நோய்கள் பரவும். கூடுதலாக முளைத்தவற்றைப் பிடுங்குவது கொடுமையன்று. பிடுங்காது விடுவதே எல்லாவற்றுக்கும் இழைக்கும் கொடுமை.

நீர் மிகுதல்

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள நுண்வெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது ஒட்சிசனைப் பெறுகிறது. அவ்வெளிகளையெல்லாம் ஓயாமல் நீரால் நிரப்பினால் வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்டவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். தாகத்தால் வாடிய செடியும் வெள்ளத்தால் வாடிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுதான் இங்குள்ள பொல்லாப்பு.

இவ்விரண்டையும் பிரித்தறிய விரலே போதும். மண்ணுக்குள் இரண்டங்குலம் விரலைச் செலுத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். பூசணி, வெள்ளரி போன்ற அகன்ற இலையுடைய கொடிகள் கடும் வெயிலில் நண்பகலிலே தலைதொங்குவது இயல்பு. மாலையில் அவை தாமே நிமிர்ந்தால் கவலைக்கிடமில்லை. காலையிலும் வாடியே நின்றால்தான் நீர் தேவை.

நாள்தோறும் மேலாகத் தெளிப்பதினும், இடைவிட்டு ஆழமாக ஊற்றுவது நலம். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படர்ந்து, ஒருநாள் நீர் தவறினாலும் தாங்காத செடியாகிவிடும். நாற்றுமேடையில் ஈரம் மிகுந்தால் நாற்றுகளின் அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, ஒரே இரவில் சாய்ந்துவிடும். ஈரத்தைக் காக்க வேண்டுமாயின் வெற்று மண்ணை வைக்கோலாலோ காய்ந்த சருகாலோ மூடிவிடுங்கள். கோடையில் அதனைப்போல் துணை வேறில்லை.

கொழும்பு போன்ற நகரங்களில் மாடி வீடுகளிலே சாடிகளிலும் வாளிகளிலும் பயிர் செய்வோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சாடியின் அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். துவாரத்தின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்கவும் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எய்துவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000இற்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர். தக்காளி வளர்க்கப் போய் நுளம்பு வளர்த்தல் ஆகாது.

பசளை மிகுதல்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. இத்தகைய செறிந்த பொருளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் செடியின் அடித்தண்டருகே கொட்டுவது, செடியை உப்பிலிட்டு வைப்பதற்கொப்பானது. மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு ஹெக்டேயர் 10,000 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் பசளை இட்டால், ஒரு சதுர மீற்றருக்குக் கிடைப்பது 10 கிராம் மட்டுமே. யூரியாவாயின் அது மூன்று தேக்கரண்டிக்கும் குறைவு. வயலுக்குச் சொல்லும் அளவை வளவுக்குச் சுருக்கத் தெரியாமையே இங்கு நேரும் தீங்கின் மூலம்.

நைதரசன் மிகுந்தால் செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். பூவும் காயும் குறையும். அந்த இளந்தழையைத் தேடி இலைக்கடியில் கூட்டமாக ஒட்டிச் சாறுறிஞ்சும் அழுக்கணவன் வந்து சேரும். இயற்கைப் பசளையாயின் எவ்வளவும் இடலாம் என்பதும் தவறு. மக்காத கோழி எருவும் பச்சைச் சாணமும் இளவேரைச் சுட்டுவிடும். நன்றாக மக்கிய பின்பே இடவேண்டும். மரத்தூளை மக்குமுன் மண்ணிற் கலந்தால், அதனை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கென எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகும்.

சாம்பலும் அவ்வாறே. அதிலே பொற்றாசியம் உண்டு. அளவாக இட்டால் நன்மையே. ஆனால் அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். நுவரெலியாப் பக்கத்து அமில மண்ணுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த யாழ்ப்பாணத்து மண்ணிலே நாள்தோறும் அடுப்புச் சாம்பலைக் கொட்டினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதனைப் பெற இயலாது. நரம்பு பச்சையாயிருக்க இளந்தளிர் மஞ்சளாவது அதன் அடையாளம்.

இவையெல்லாம் செடிக்கு வரும் கேடு. வீட்டுக்கு வரும் கேடு இதனினும் பெரிது. பயிர் உண்டு மிஞ்சிய நைதரசன் மண்ணிலே நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்று நீரில் எளிதாகக் கரையும்; மண் அதனைப் பிடித்து வைப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அது செம்மண்ணைக் கடந்து, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீரைச் சேர்கிறது. அந்த நீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். குடாநாட்டில் பயிர்ச்செய்கை மிகுந்த பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மீறப்பட்டிருப்பதை 1980கள் தொட்டு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மலக்குழிகளும் இதற்கு ஒரு காரணமாயினும், அளவுமீறிய பசளையின் பங்கு சிறிதன்று.

இந்த நைத்திரேற்றினால் மிகவும் பாதிக்கப்படக்கூடியவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். அந்நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். ஆதலால் தாய்மார் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளவேண்டும். பாத்தியில் கூடுதலாக விழும் ஒரு பிடி பசளை வீணாகும் காசு மட்டுமன்று. நம் தொட்டிலருகே வரும் நீரிலும் அதன் சுவடு உண்டு. சணலும் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி மண்ணை வளப்படுத்திய நம் முன்னோர் முறை இன்றும் பயன்படுவது. குழை மெல்ல மக்கும்; மெல்ல மெல்லவே ஊட்டும்.

மருந்துக்கு விரைதல்

இலையில் ஓர் ஓட்டை விழுந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது மற்றொரு கரிசனை. ஊர்வனவும் பறப்பனவும் எல்லாம் பகைவரல்ல. கும்பிடுபூச்சி, சிலந்தி, செந்நிற முதுகில் கரும்புள்ளியுடைய சிறு வண்டு என்பன பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டு நமக்குக் கூலியின்றி வேலை செய்பவை. கண்மூடித்தனமாக நஞ்சு தெளித்தால் காவலரும் கள்வரும் சேர்ந்தே மடிவர். பின்னர் கள்வர் விரைவாகப் பெருகுவர், காவலர் அவ்வளவு விரைவாகப் பெருகார்.

பூசணியிலும் பாகலிலும் முதலில் மலர்ந்த பூக்கள் உதிர்வதைக் கண்டு மருந்தடிப்போரும் உண்டு. இக்கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு. முதலிலே பூப்பவை பெரும்பாலும் ஆண்பூக்கள். அவை உதிர்வதே முறை. அடியில் பிஞ்சு போன்ற உருவத்தோடு வருவதே பெண்பூ. தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் அது காயாகும். அவ்வேளையில் நஞ்சு தெளித்தால் தேனீயும் வராது, காயும் வராது. தேனீ அருகிய இடங்களில் காலையிலேயே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவிலே தடவிவிடலாம்.

பல பீடைகளைக் கையாலேயே அடக்கலாம். கத்தரியின் நுனித்தளிர் மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது; அந்நுனியை வெட்டி அழித்துவிடுங்கள். பாகற் பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ முட்டையிடாது. தெளித்தே ஆகவேண்டுமென்றால் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையிலே தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் கெடும். கடை மருந்தைப் பயன்படுத்த நேர்ந்தால், தெளித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று அடைப்பில் எழுதியிருப்பதைப் படியாமல் தெளிக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்திலே தக்காளியைப் பறித்து அப்படியே கடிக்கும் சிறுபிள்ளைக்கு அந்த நாட்கணக்குத் தெரியாது.

பறிக்கத் தயங்குதல்

காய்த்த பின்பும் ஒரு பிழை காத்திருக்கிறது. அழகாயிருக்கிறதே என்று வெண்டிக்காயைச் செடியிலேயே விட்டுவைப்பது. பூ மலர்ந்து ஐந்து முதல் ஏழு நாளில் வெண்டிக்காய் பறிக்கும் பதத்தை அடையும்; பின்னர் நார் பற்றும். அன்றியும், காய் முற்றி விதை கொண்டுவிட்டால் தன் கடமை முடிந்ததென்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கொரு முறை பறியுங்கள்; பறிக்கப் பறிக்கவே அது கொடுக்கும். விதைக்காக ஒரு செடியைத் தனியே விட்டுவைக்கலாம். ஆனால் கலப்பின விதையிலிருந்து வந்த செடியானால் அதன் விதை தாய்ச்செடியைப் போன்ற பயிரைத் தராது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு கொப்பி போதும்

இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பது எவ்வாறு என்று கேட்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அரிதன்று. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைத் தோட்டத்துக்கென ஒதுக்கி, அதனை எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எந்தப் பாத்தியில் எதை, எந்நாளில் விதைத்தோம், என்று முளைத்தது, எத்தனை தேக்கரண்டி பசளை இட்டோம், எப்போது மழை பெய்தது, எத்தனை காய் பறித்தோம் என்று எழுதினாற் போதும்.

இக்கொப்பியின் அருமை இரண்டாம் ஆண்டிலே தெரியும். கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்றுக்கு வந்த வாடல் நோயின் கிருமி மண்ணிலே தங்கியிருந்து மற்றதையும் பற்றும். ஆகவே இவ்வாண்டு கத்தரி நின்ற பாத்தியில் அடுத்த ஆண்டு மிளகாய் வைக்கலாகாது. பயிற்றையோ கீரையோ வைக்கவேண்டும். சென்ற ஆண்டு கத்தரி எங்கே நின்றது என்று வீட்டிலே பெரியவர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கும்போது, பிள்ளை கொப்பியைப் புரட்டிக் கிழக்குப் பாத்தி என்று சொல்லிவிடும்.